ஏழாம் வசனம்

திரித்துவ ஞாயிறு எங்கள் பக்கம் நுங்குக் காலத்தில்தான் வரும். ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வருகிற பெந்தெகொஸ்தே கழிந்த அடுத்த ஞாயிறு என்பது கணக்கு. ஈஸ்டர் முன்னே பின்னே போனாலும் மே மூன்றாம் வாரத்துக்கும் ஜூன் மூன்றாம் வாரத்துக்கும் நடுவில் விழுந்துவிடும். அன்றைக்கு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திரித்துவத்தை, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது என் பொறுப்பு. எனக்குச் சொல்லித்தந்த வாத்தியார் நுங்கை வைத்துச் சொன்னார். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். தேரிக்காட்டு ஊர்களில் பனையை விட்டால் உவமைக்கு வேறு எங்கே போவது? காய் ஒன்று, கண் மூன்று. சீவிக் காட்டினால் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும், கடைசியில் தின்னவும் கிடைக்கும்.

ஆறேழு வருடம் முந்தி ஒரு திரித்துவ ஞாயிறு. கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வகுப்பு. அரிவாளால் நானே காயின் தலையைச் சீவினேன். மூடி கழன்று மண்ணில் விழுந்தது. "இதோ பாருங்க, பிதா, குமாரன்..." என்று விரலால் கண்களைத் தொட்டுக்கொண்டே போன கை அந்தரத்தில் நின்றுவிட்டது. இரண்டே கண். மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நார். பனங்காயில் இரண்டு கண்ணும் வரும், ஒற்றைக் கண்ணும் வரும். பனை தெரிந்த யாருக்கும் இது புதிதில்லை, எனக்கும்தான். ஆனால் பிரசங்கம் செய்கிற அவசரத்தில் இருப்பவனுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது? முன்வரிசையில் இருந்த சிறுமி எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சார், பரிசுத்த ஆவி எங்க?"

பக்கத்தில் இருந்த பொடியன் எனக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டான். "அவரு கண்ணுக்குத் தெரிய மாட்டாருட்டி."

அன்றைக்கு அந்த மரத்தடியில் சொல்லப்பட்டதிலேயே அதுதான் நல்ல பதில். நான் சொன்னது அவ்வளவு நல்லதில்லை. சிரிப்பு அடங்கட்டும் என்று வேதாகமத்தைத் திறந்து, யோவான் எழுதின முதலாம் நிருபம், ஐந்தாம் அதிகாரம், ஏழாம் வசனத்தைச் சத்தமாகச் சொல்ல வைத்தேன். "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்." மூன்று முறை. இனி நுங்கும் வேண்டாம் உவமையும் வேண்டாம், வேதமே சொல்லிவிட்டது என்கிற தெம்பு எனக்கு. அந்த வசனத்தோடு என் உறவு பழையது. பத்து வயதில் வசனப் போட்டியில் அதைத் திக்காமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியிருக்கிறேன், பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர். இன்றைக்கும் காப்பி அதில்தான். இதையும் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லிவைத்தேன்.

வீட்டில் மத்தியானம் நுங்குக் கதையைச் சொன்னதும் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவள் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டில் இரண்டு வேதாகமம் உண்டு. நான் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்பேன். அவள் தந்தை, மகன், தூய ஆவி என்பாள். அவளுடைய பாட்டி காலத்தில் "பிதா சுதன்" என்று தொடங்குமாம், அதற்கும் முந்தி பரிசுத்த ஆவிக்கு "இஸ்பிரீத்து சாந்து" என்று போர்த்துக்கீசியப் பெயரே தமிழில் உலவியது. பேர் எதுவானாலும் ஆள் ஒருவர்தான் என்பதில் எங்களுக்குள் தகராறு இல்லை. "எந்த வசனத்தைச் சொல்ல வச்சீங்க?" என்று கேட்டுவிட்டு அவளுடைய வேதாகமத்தை எடுத்துப் புரட்டினாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஏங்க, இதுல அப்படி இல்லையே."

சாப்பாட்டு மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டினோம். என்னுடையது 1871-ல் வெளிவந்த ஹென்றி பவர் குழுவின் திருத்தத்தின் வழியில் வருவது. அவளுடையது 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு. அதில் ஏழாம் வசனம் இருக்கிறது, ஆனால் ஏழாம் வசனத்தில் பரலோகம் இல்லை, பிதா இல்லை, வார்த்தை இல்லை. சான்று அளிப்பவை மூன்று என்று ஏழில் சொல்லி, தூய ஆவி, நீர், இரத்தம் என்று எட்டில் எண்ணிவிட்டு நகர்ந்துவிடுகிறது. என் டம்ளருக்குரிய வாக்கியம் முழுக்கக் காணோம். "எங்க பைபிள்ல கூடுதலாப் புத்தகம் இருக்குன்னு எங்கண்ணன் கல்யாணப் பந்தியிலகூடச் சொன்னீங்க," என்றாள். "இப்ப கூடுதல் யாருகிட்ட இருக்கு?"

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வசனம் போனால் என்ன என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. "மூவர்", "ஒன்றாயிருக்கிறார்கள்" இரண்டையும் ஒரே வாக்கியத்தில் நேருக்கு நேராகச் சொல்கிற ஒரே இடம் அது. வாசலுக்கு வந்து பத்திரிகை கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் அலுவலகத்து நண்பரும் "திரித்துவம்ங்கிற வார்த்தையே பைபிள்ல கிடையாதாமே" என்று கேட்டபோதெல்லாம் நான் காட்டிய ஒரே சீட்டு. அதையா உருவிவிட்டார்கள்?

ஓரத்தில் எழுதியது உள்ளே வந்த கதை

யார் உருவியது என்று தேடப் போனவன், யார் செருகியது என்பதில் போய் நின்றேன். 14ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய எந்தக் கிரேக்கக் கையெழுத்துப் பிரதியின் பாடத்திலும் அந்த வாக்கியம் இல்லை. அதற்குப் பிறகும் அதைக் கொண்ட கிரேக்கப் பிரதிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், அவற்றிலும் பல ஓரத்தில் பிற்காலக் கை எழுதிச் சேர்த்தவை. ஜெரோமின் இலத்தீன் மொழிபெயர்ப்பின் மிகப் பழைய பிரதிகளிலும் காணவில்லை. முதன்முதலாக அது தெளிவாகத் தலைகாட்டுவது 4ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஸ்பெயினில் பிரிசில்லியன் என்பவரைச் சுற்றியிருந்தவர்களிடமிருந்து வந்த இலத்தீன் நூல் ஒன்றில். பிரிசில்லியன் பிற்பாடு மரண தண்டனை பெற்றவர், கள்ள உபதேசக்காரர் என்று சபை ஒதுக்கிய ஆள். நான் ஒப்பித்துப் பரிசு வாங்கிய வாக்கியத்தின் முதல் சாட்சி அவர் வட்டாரம்தான் என்றால் என் வாத்தியார் என்ன சொல்லியிருப்பாரோ!

நடந்திருக்கக்கூடியது இதுதான். "ஆவி, ஜலம், இரத்தம்" என்ற மூன்றைப் படித்த ஒருவர், இது பிதாவையும் குமாரனையும் ஆவியையும் குறிக்கிறது என்று விளக்கமாக ஓரத்தில் எழுதிவைத்தார். அடுத்துப் படியெடுத்தவர் அதை விட்டுப்போன வரி என்று நினைத்து உள்ளே சேர்த்துவிட்டார். ஏட்டுச்சுவடிகளோடு பழகிய தமிழனுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

1516-ல் பாசல் நகரில் எராஸ்முஸ் என்ற அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது தன் கைவசமிருந்த கிரேக்கப் பிரதிகளில் இல்லாததால் அந்த வரியை விட்டுவிட்டார். 1519-ல் இரண்டாம் பதிப்பிலும் சேர்க்கவில்லை. குமாரன் படைக்கப்பட்டவர் என்று சொன்ன ஆரியுஸின் உபதேசத்துக்குக் கதவைத் திறந்துவிட்டான் என்று கூச்சல் எழுந்தது. பிறகு அந்த வரியோடு ஒரு கிரேக்கப் பிரதி வந்து சேர்ந்தது, 1522-ல் மூன்றாம் பதிப்பில் சேர்த்துவிட்டார். அந்தப் பிரதி இப்போது டப்ளினில் இருக்கிறது. எந்தக் கல்லூரி நூலகத்தில் என்று நினைக்கிறீர்கள்? டிரினிட்டி கல்லூரி! எழுதப்பட்ட காலமும் கிட்டத்தட்ட எராஸ்முஸின் காலமே. ஒரே ஒரு கிரேக்கப் பிரதியைக் காட்டினாலும் சேர்த்துவிடுகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டார் என்று ஒரு கதை ரொம்ப நாளாக உலவுகிறது. அதற்கு அவர் எழுத்தில் ஆதாரம் இல்லை என்று பிற்பாடு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். செருகல் வந்த கதைக்குள்ளும் ஒரு செருகல்.

அந்த மூன்றாம் பதிப்பின் வழிவந்த கிரேக்கப் பாடம்தான் 1611 ஆங்கில வேதாகமத்துக்கும் பிறகு மிஷனரிகள் உலகம் முழுக்கக் கொண்டுபோன பல மொழிபெயர்ப்புகளுக்கும் அடித்தளம். எங்கள் தமிழ் வேதாகமம் 1871-ல் முழுமையாக வந்தது. பத்தே வருடத்தில், 1881-ல், ஆங்கிலத் திருத்தப் பதிப்பு அந்த வரியைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டது. லூத்தர் தாம் உயிரோடு இருந்தவரை தம் ஜெர்மன் வேதாகமத்தில் அதைச் சேர்த்ததே இல்லை. மறுபக்கம், அதன் நம்பகத்தை மறுப்பது பாதுகாப்பானதல்ல என்று ரோமாபுரி 1897-ல் சொன்னது, 1927-ல் பிடியைத் தளர்த்தியது. இலத்தீன்காரர்கள் ஓரத்தில் எழுதியது கடைசியில் கத்தோலிக்க வேதாகமத்திலிருந்து போய்விட்டது, வேதம் ஒன்றே போதும் என்கிற எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. மனைவியிடம் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு மாதத்துக்குச் சிரித்தாள்.

ஒருவரே, ஒருவரே, ஒருவரே

நான் கொஞ்ச காலம் மறுபக்கமும் சாய்ந்து பார்த்தேன். அந்த வரி பொய் என்றால் எல்லாமே பொய்தானோ? 325-ல் நிசேயாவில் கான்ஸ்டன்டைன் பேரரசர் பிஷப்புகளைக் கூட்டிக் கைதூக்க வைத்துத் திரித்துவத்தை உண்டாக்கினார் என்று சொல்கிற காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தக் கதை கிட்டே போனால் நிற்கவில்லை. நிசேயாவில் சண்டை குமாரனைப் பற்றியது. பிதாவோடு ஒரே தன்மையுள்ளவரா, முதலில் படைக்கப்பட்டவரா? பரிசுத்த ஆவிக்கு அந்த அறிக்கையில் கிடைத்தது "பரிசுத்த ஆவியையும் விசுவாசிக்கிறோம்" என்ற அளவில் ஒரே ஒரு துண்டு, அவ்வளவுதான். என் நுங்கு மாதிரி இரண்டு கண் தெளிவு, மூன்றாவது நார். ஆவியானவரைப் பற்றி விரித்து எழுத 381-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய அடுத்த சங்கம் வரை போக வேண்டியிருந்தது. அரசர் திணித்தார் என்பதும் சரியாக வரவில்லை. கான்ஸ்டன்டைனுக்கு 337-ல் மரணப் படுக்கையில் ஞானஸ்நானம் கொடுத்தவரே ஆரியுஸ் பக்கம் நின்ற நிக்கொமேதியா யூசேபியுஸ். நிசேயாவைக் கட்டிக் காத்த அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டு, மொத்தம் பதினேழு வருடம் வெளியே கிடந்தார். அரசர் கையில் இருந்த கட்சி இவ்வளவு உதை வாங்குமா?

அவர்கள் யாரும் என் ஏழாம் வசனத்தைக் கையில் எடுக்கவில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்ப யோசித்தேன். எடுத்திருந்தால் ஒரே வாக்கியத்தில் வழக்கு முடிந்திருக்கும். 380-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் நாசியான்சு கிரகோரியார் ஆவியானவரும் தேவனே என்று வாதாடிப் பேசிய பேச்சு ஒன்று இருக்கிறது. அதில் அவர் இந்த இடத்துக்கே வருகிறார். ஆவி, ஜலம், இரத்தம் என்ற மூன்று சாட்சியை எடுத்து வைத்துக்கொண்டு இலக்கணம் பேசுகிறார். கிரேக்கத்தில் அந்த மூன்று பெயர்ச்சொல்லுமே ஆணும் பெண்ணும் இல்லாத பொதுப்பால், ஆனால் "சாட்சியிடுகிறவர்கள்" என்பதை யோவான் ஆண்பாலில் எழுதியிருக்கிறார், ஆகவே ஒன்றாக எண்ணப்படுபவை ஒரே வகைச் சொல்லாக இருக்க வேண்டும் என்கிற எதிராளியின் விதி செல்லாது என்பது அவர் கட்சி. அந்த வரிக்கு ஒரு விரற்கடை தள்ளி நிற்கிறார். பரலோகத்து மூவரைப் பற்றி மூச்சில்லை. அவர் முன்னாலிருந்த பிரதியில் அது இருந்திருந்தால் அவர் அதை விட்டிருப்பாரா?

இதைப் படித்த பிறகு என் தமிழ் வேதாகமத்தைத் திரும்பப் பார்த்தேன். ஏழில் "சாட்சியிடுகிறவர்கள் மூவர்", எட்டில் "சாட்சியிடுகிறவைகள் மூன்று". கிரேக்கத்தில் இருந்த முரண்டைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் திணை பார்த்து நேராக்கிவிட்டார். பரலோகத்தில் ஆவி உயர்திணை, பூலோகத்தில் ஆவி அஃறிணை! திணைக் குழப்பம் நம் சபைகளில் இன்றும் உண்டு. ஆவி என்றால் இட்லிக் கொப்பரையில் வருவதும் ஆவி, முருங்கைமரத்தில் இருப்பதாகச் சொல்வதும் ஆவி. அதனால்தான் ஆதியாகமம் இரண்டாம் வசனத்திலேயே "தேவ ஆவியானவர்" என்று ஓர் "ஆனவர்" போட்டு உயர்திணைக்கு ஏற்றினார்கள், கத்தோலிக்கர் "ஆவியார்" என்கிறார்கள். பனிக்கட்டி, தண்ணீர், நீராவி என்று உவமை சொல்கிற பிரசங்கிகளுக்குத் தமிழ் வசதியாக ஒரு சொல்லைக் கொடுத்திருக்கிறதுதான். ஆனால் அந்த உவமை 3ஆம் நூற்றாண்டிலேயே சபை தள்ளிவிட்ட சபெல்லியுஸின் உபதேசத்துக்குத்தான் பொருந்தும். ஒரே ஆள் மூன்று வேடம் என்றால், யோர்தானில் இயேசு தண்ணீரிலிருந்து கரையேறும்போது வானத்திலிருந்து பேசியது யார்? நுங்கு உவமையின் கோளாறு வேறு. ஒவ்வொரு கண்ணும் காயில் ஒரு பங்குதான், எந்தக் கண்ணும் முழுக் காய் அல்ல.

திருப்பம் வந்தது நான் தேடாத இடத்தில். ஒரு ராத்திரி பவுல் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தை, விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா கூடாதா என்று பேசுகிற எட்டாம் அதிகாரத்தை, சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன். திரித்துவத்துக்கும் அந்த அதிகாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. இறைச்சிக்கடை விவகாரம். ஆறாம் வசனம்: "பிதாவாகிய ஒரே தேவன் நமக்குண்டு... இயேசுகிறிஸ்து என்னும் ஒரே கர்த்தரும் நமக்குண்டு." நூறு தடவை படித்த வசனம். அன்றைக்கு "தேவன்", "கர்த்தர்", "ஒரே" என்ற மூன்று சொல்லும் ஒன்றாக எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. உபாகமம் ஆறு, நான்கு. "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்." யூதர் காலையும் மாலையும் சொல்கிற அறிக்கை, குழந்தைக்குப் பேச்சு வந்ததும் சொல்லிக்கொடுப்பது. பரிசேயனாக வளர்ந்த பவுல் அதை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பார்! அதே சொற்களை எடுத்து, "தேவன்" என்ற சொல்லைப் பிதாவுக்கும் "கர்த்தர்" என்ற சொல்லை இயேசுவுக்கும் கொடுக்கிறார், "ஒரே" என்பதை இரண்டு பக்கமும் விட்டுவைக்கிறார். இரண்டு தேவர்கள் என்று சொல்வதற்காக அல்ல. அவர் அங்கே வாதாடுவதே அநேக தேவர்களும் அநேக கர்த்தாக்களும் இருக்கும் ஊரில் நமக்கு ஒருவர்தான் என்று. இயேசு சிலுவையில் அறையப்பட்டு இருபத்தைந்து வருடம்கூட ஆகாத காலத்துக் கடிதம். எந்தப் பேரரசரும் கூட்டாத கூட்டம், இறைச்சியைப் பற்றிய பேச்சு, நடுவே வாக்கியத்தோடு வாக்கியமாக இது போகிறது. இதற்கு நிரூபணம் தேவை என்று அவர் நினைத்த மாதிரியே தெரியவில்லை. எதிரே இருப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைச் சொல்கிறவர் தொனி.

மூன்றாவது கண்? நாலு அதிகாரம் தள்ளி. பன்னிரண்டில், "ஆவியானவர் ஒருவரே... கர்த்தர் ஒருவரே... எல்லாவற்றையும் நடப்பிக்கிற தேவன் ஒருவரே." கிரேக்கத்தில் இருப்பது "அதே ஆவி, அதே கர்த்தர், அதே தேவன்" என்பதுதான். தமிழ் அதை "ஒருவரே" என்று சொல்லி, தெரிந்தோ தெரியாமலோ இஸ்ரவேலின் அறிக்கையை மூன்று முறை மணியடித்துவிட்டது. இதுவும் உபதேசம் எழுதுகிற இடம் அல்ல, சபையில் யாருக்கு எந்த வரம் என்ற சச்சரவுக்குப் பஞ்சாயத்து. இரண்டாம் நிருபத்தின் கடைசி வரியில் கிருபை, அன்பு, ஐக்கியம் என்று மூவரையும் வைத்து வழியனுப்புகிறார். ஒவ்வொரு ஜெபக்கூட்டமும் முடியும்போது, செருப்பைத் தேடிக்கொண்டே நாம் சொல்கிற அதே வரி.

இதை வைத்துக்கொண்டு புதிய ஏற்பாட்டிலேயே திரித்துவ உபதேசம் முழுசாக இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே சாரம், மூன்று ஆள் என்ற பேச்சு அங்கே இல்லை. "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்ற வசனமும் யோவான் சுவிசேஷத்தில்தான் இருக்கிறது, அதை நைசாகத் தாண்டிப் போகிறவர்களிடம் எனக்கு எரிச்சல் வரும். "நமது சாயலாக மனுஷனை உண்டாக்குவோமாக" என்பதில் பன்மை இருக்கிறதே என்று ஆதியாகமத்தைக் காட்டுகிற வாதத்தையும் நான் விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் ஆச்சி வந்தால் "அவுக வந்துட்டாக" என்போம். எத்தனை ஆச்சி என்று யாரும் எண்ணுவதில்லை. ஆனால் ஒரே தேவன் என்பதற்காக உயிரை விடத் தயாராக இருந்த யூதர்கள், இயேசுவை நோக்கி ஜெபித்தார்கள், அவர் பேரில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட தோமா, நம் சென்னைக்கு வந்ததாக மரபு சொல்கிற அதே தோமா, "என் ஆண்டவரே! என் தேவனே!" என்கிறார், அவரை யாரும் திருத்தவில்லை. 112 வாக்கில் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, விடியுமுன் கூடி, தேவனுக்குப் பாடுவதுபோலக் கிறிஸ்துவுக்குப் பாடுகிறார்கள் என்று பேரரசர் திராயானுக்குக் குற்றப்பத்திரிகை மாதிரி எழுதுகிறார். நிசேயாவுக்கு இருநூறு வருடம் முந்தி. முதலில் கும்பிட்டுவிட்டார்கள். கும்பிட்டதற்குக் கணக்கு எழுதத்தான் முந்நூறு வருடம் ஆனது.

உருபுச் சண்டை

அந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த பக்கம் செசரியா பிஷப் பசிலியாருடையது. 374 வாக்கில் ஆராதனையில் அவர் "குமாரனோடும் பரிசுத்த ஆவியோடும் பிதாவுக்கு மகிமை" என்று சொன்னார். கூட்டத்தில் சிலர் பிடித்துக்கொண்டார்கள். "குமாரன் மூலமாய், ஆவியில்" என்றல்லவா வழக்கம், "ஓடு" எங்கிருந்து வந்தது? அவர்கள் வைத்த விதி, பிதாவுக்கு ஓர் உருபு, குமாரனுக்கு ஓர் உருபு, ஆவிக்கு ஓர் உருபு, உருபு வேறு என்றால் தன்மையும் வேறு. பசிலியார் ஒரு நூலே எழுதினார், பாதி நூல் உருபைப் பற்றி. வேதத்தில் இந்த உருபுகள் மூவருக்கும் மாறி மாறி வருகின்றன என்று வசனம் வசனமாக எடுத்துப் போட்டுவிட்டு, ஞானஸ்நானத்தில் எந்தப் பெயரைப் பெற்றோமோ அதையே விசுவாசிக்கிறோம், விசுவாசிக்கிறபடியே துதிக்கிறோம் என்ற கருத்தில் வந்து நிற்கிறார். ஒரு பாடத்தைக் காப்பாற்ற வேற்றுமை உருபுகளோடு மல்லுக்கட்டிய இந்த மனிதர் எனக்கு யாரையோ ஞாபகப்படுத்தினார்.

அப்பாவைத்தான். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எண்பதை நெருங்குகிறார். ஏழாம் வசனத்தைப் பற்றி அவரிடம் சொல்லாமல் பல மாதம் தள்ளிப்போட்டேன். அந்தப் போட்டிக்கு என்னைத் தயார் செய்தவரே அவர். அவருடைய வேதாகமத்தில் அந்த வசனத்தின் கீழ் சிவப்புப் பென்சில் கோடு இருக்கிறது. ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, சுற்றி வளைத்து, எராஸ்முஸ், டப்ளின் எல்லாம் சொல்லி முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இடைச்செருகலா?"

"ஆமாப்பா."

"கம்பன்ல இல்லாததா? மிகைப்பாட்டுன்னு பின்னால தனியாப் போட்டுவைப்பான். அதுக்காகக் கம்பன் எழுதவே இல்லைன்னா சொல்லுதோம்?" கொஞ்சம் யோசித்தார். "மத்தேயு இருபத்தெட்டு பத்தொன்பது இருக்குல்லா? அதுல கை வச்சிருக்கானா?"

இல்லை என்றேன். அந்தப் பகுதியைக் கொண்ட எல்லாக் கிரேக்கப் பிரதியிலும் அது இருக்கிறது.

"சொல்லு பாப்போம்."

"பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே..."

"நிறுத்துல. பிதா குமாரன் பரிசுத்த ஆவி. என்ன தொகை?"

ஐம்பது வயதை நெருங்குகிறவனிடம் திண்ணையில் வைத்து இலக்கணக் கேள்வி. "உம்மைத்தொகை."

"உயர்திணை உம்மைத்தொகை பலரீறே. நன்னூல். சேர சோழ பாண்டியர். அர் வரணும். இங்க எங்க அர்? பலர் ஈறு இல்லை. மூணு பேரைச் சொல்லிட்டு ஒத்தை இன் போட்டு, ஒத்தை நாமம் போட்டிருக்கான். நாமங்களிலே இல்ல, நாமத்திலே." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைகளுக்கு நன்னூல் நடத்தியிருக்கேன். ஒவ்வொரு ஞானஸ்நானத்துலயும் இது எனக்கு இடறும். தப்பாத் தெரியும். ஆனா திருத்தத் தோணாது."

கிரேக்கத்தில் அது தொகையே அல்ல, பிதாவினுடைய, குமாரனுடைய, பரிசுத்த ஆவியினுடைய என்று விரித்துத்தான் எழுதியிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் "நாமம்" அங்கேயும் ஒருமைதான். ஆகவே பேசாமல் இருந்துவிட்டேன். அப்பாவும் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். சிவப்புக் கோட்டை அவர் அழிக்கவில்லை. பக்கத்தில் ஓரத்தில் பென்சிலால் "மிகை" என்று மட்டும் பொடியாக எழுதியிருந்ததைப் பிறகொரு நாள் பார்த்தேன். அடுத்து யாராவது அதையும் உள்ளே சேர்த்துப் படியெடுக்காமல் இருக்க வேண்டும்.

அடுத்த திரித்துவ ஞாயிற்றுக்கு நான் நுங்கு கொண்டுபோகவில்லை. தின்ன ஒன்றும் இல்லை என்று பிள்ளைகளுக்கு முகம் தொங்கிவிட்டது. போன வருடம் நான் மூன்று முறை சொல்ல வைத்த வசனம் யோவான் எழுதினது அல்ல, பின்னால் வந்த ஒருவர் சேர்த்தது என்று சொல்லிவிட்டு, மத்தேயு வசனத்தைப் படிக்க வைத்தேன். இலக்கணமெல்லாம் சொல்லவில்லை, எத்தனை பேர் என்று கேட்டேன், மூணு என்றார்கள். எத்தனை நாமம் என்று கேட்டேன், ஒண்ணு என்றார்கள். முன்வரிசைச் சிறுமி ஒரு வருடம் வளர்ந்திருந்தாள். கையைத் தூக்கினாள்.

"அப்போ அந்த டம்ளரைத் திருப்பிக் கொடுக்கணுமா சார்?"

அன்று காலையும் அதில்தான் காப்பி குடித்துவிட்டு வந்திருந்தேன்.